பேராக் பந்துக் குழுவை மறுபடி கட்டணும்னா… ஒரு பழைய ரசிகனின் யோசனை



வழக்கமா நான் இங்க போடுறது அன்னதானத்துக்கு காய்கறி வெட்ட வர்றவங்க பட்டியல், துப்புரவுப் பணி நேரம், உபயகாரர்கள் பெயர். இன்னைக்கு எழுதப்போறது பந்து. "கோவில் ஆளுக்கு பந்து எதுக்கு?"னு கேட்கிற அம்மாமார்கள் கொஞ்சம் பொறுமையா படிங்க. கடைசியில விஷயம் நம்ம கோவில் வாசலுக்குத்தான் வந்து நிக்கும்.

2025-26 பருவத்துக்கான மலேசிய சூப்பர் லீக்கில் இருந்து பேராக் விலகிக்கிச்சு. பகாங்கும் விலகிடுச்சு. கெடாவுக்கு உரிமம் கிடைக்கல. ஒரே வருஷத்துல மூணு பழைய மாநிலம் இல்லாம ஒரு லீக். 1926லயே மலாயா கிண்ணம் தூக்கின மாநிலம் நம்ம பேராக். இன்னைக்கு ஆட்ட அட்டவணையில தேடினா பெயரே இல்லை.

என் வயசு ஆளுங்களுக்கு இது எப்படி வலிக்கும்னு தெரியும். 1970க்கு அப்புறம் 28 வருஷம் காத்திருந்து 1998ல மலேசியக் கிண்ணம் ஈப்போவுக்கு வந்துச்சு. 2000ல மறுபடியும் வந்துச்சு. 2002, 2003னு ரெண்டு வருஷம் தொடர்ந்து லீக் வெற்றியாளர். அப்புறம் ஒரு நீண்ட இடைவெளி. 2018ல ஷா ஆலாம்ல திரங்கானுவோட 3-3 ஆடி, பெனால்டியில ஜெயிச்சோம். அன்னைக்கு ராத்திரி சிம்பாங் பூலாய் சாப்பாட்டுக் கடைங்கள்ல மலாய்க்காரர், சீனர், தமிழர்னு பார்க்காம கட்டிப் பிடிச்சுக்கிட்டோம். அதுக்கு மூணே வருஷம் கழிச்சு, 2021ல, சூப்பர் லீக்கில் இருந்து முதல் முறையா கீழே இறங்கினோம். சம்பளப் பாக்கினு பத்திரிகையில வந்துச்சு. நல்ல ஆட்டக்காரங்க ஒவ்வொருத்தரா வேற மாநிலத்துக்குப் போனாங்க. 2023ல லீக்கை மாத்தி அமைச்சப்ப மேல வந்தோம். இப்ப மொத்தமாவே வெளியில.

நான் படிச்சது எஸ்.பி.எம். வரைக்கும்தான். ஆனா முப்பது வருஷமா ஃபேக்டரியில இருக்கேன். நம்ம ஊரு மலைக்கல்லை அரைச்சு மாவாக்குற வேலை. அங்க வருஷத்துக்கு ஒரு தடவை மெஷினை எல்லாம் நிறுத்தி, பிரிச்சுப் பார்ப்போம். பேரிங் தேய்ஞ்சிருக்கா, பெல்ட் தளர்ந்திருக்கா, எங்க விரிசல்னு பார்த்து மாத்துவோம். ஷட்டவுன்னு சொல்லுவோம். அந்த நாட்கள்ல உற்பத்தி இல்லை, ஆனா அதுதான் அடுத்த வருஷத்தைக் காப்பாத்தும். பேராக்குக்கு இப்ப வந்திருக்கிறதும் ஒரு ஷட்டவுன்தான். அழுதுட்டு சும்மா உட்கார்ந்தா இரும்பு துரு பிடிக்கும். பிரிச்சுப் பார்த்தா சரி பண்ணலாம். எனக்குத் தோணுறதைச் சொல்றேன்.

முதல்ல சம்பளம். 1955ஆம் வருஷ வேலைச் சட்டத்துல, சம்பளக் காலம் முடிஞ்சு ஏழு நாளுக்குள்ள சம்பளம் கொடுக்கணும்னு இருக்கு. என் ஆளுங்களுக்கு எட்டாம் தேதி காசு வரலைனா ஒன்பதாம் தேதி லைன்ல பாதிப் பேர் முகம் மாறிடும். கார் தவணை, வீட்டு வாடகை, பிள்ளை டியூஷன், எல்லாம் அதுலதான். ஆட்டக்காரனும் தொழிலாளிதான். கையில இருக்கிற காசுக்கு எத்தனை பேரை எடுக்க முடியுமோ அத்தனை பேரை மட்டும் எடுக்கணும். ஸ்பான்சர் வருவார்னு வாய்வார்த்தையை நம்பி ஒப்பந்தம் போடக்கூடாது. நம்ம திருவிழாவுக்கு இதே முறைதான். உபயம் உறுதியானாதான் நாதஸ்வர மேளத்துக்கு முன்பணம் கொடுப்போம். உறுதியாகலைனா இருக்கிற உள்ளூர் மேளத்தோட திருவிழா நடக்கும். சாமி கோவிச்சுக்கிறதில்லை.

ரெண்டாவது கணக்கு. நம்ம கோவில் சங்கப் பதிவகத்துல பதிஞ்ச சங்கம். வருஷா வருஷம் பொதுக்கூட்டம், வரவு செலவு, கணக்காய்வாளர் கையெழுத்து. ஒரு பாட்டி எழுந்து "நெய்க்கு எதுக்கு இவ்வளவு?"னு கேட்டா பொருளாளர் பில்லைக் காட்டியே ஆகணும். பந்துக் குழுவுக்கும் அப்படி ஒரு பாட்டி வேணும்! மூணு மாசத்துக்கு ஒரு தடவை வரவு என்ன, சம்பளம் என்ன, பாக்கி என்னனு பொதுவுல போடட்டும். விரிசல் சின்னதா இருக்கும்போதே எல்லாருக்கும் தெரிஞ்சா, சுவரு விழாது.

மூணாவது, ரசிகனுக்கு ஒரு பங்கு. ஜெர்மனியில 50 கூட்டல் 1னு ஒரு விதி இருக்கு. எவ்வளவு பெரிய முதலாளி வந்தாலும் சில கிளப்புகளைத் தவிர மத்ததுல வாக்குரிமையில பாதிக்கு மேல உறுப்பினர்கள் கையிலதான் இருக்கணும். இங்கிலாந்துல விம்பிள்டன்னு ஒரு குழு. அதை வேற ஊருக்குக் கொண்டுபோக 2002ல அனுமதி கொடுத்துட்டாங்க. ரசிகர்கள் என்ன பண்ணாங்க? ஊருப் பொதுத் திடல்ல ஆள் தேர்வு வச்சு, ஏ.எஃப்.சி. விம்பிள்டன்னு சொந்தமா ஒரு குழு ஆரம்பிச்சாங்க. ஒன்பதாம் படியில தொடங்கி, 2011ல நாலாவது படிக்கு, அதாவது ஃபுட்பால் லீக்குக்கு வந்துட்டாங்க. ஒன்பது வருஷம்!

நம்ம பேராக் ஸ்டேடியம் 42,500 பேர் கொள்ளும். அதுல கால்வாசிக்கும் குறைவா, 10,000 பேர் மாசம் 5 வெள்ளி கொடுத்தா வருஷத்துக்கு 600,000 வெள்ளி. மாசம் 5 வெள்ளி இன்னைக்கு ரெண்டு தே தாரிக் காசு. இதை வச்சு சூப்பர் லீக் ஆட முடியாது, தெரியும். ஆனா இளையோர் குழுவை நடத்தலாம். நிர்வாகத்துல ரெண்டு நாற்காலி உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்த ஆளுக்குனு உரிமையோட கேட்கலாம்.

நாலாவது, கீழ இருந்து வரணும். சிலர் சொல்றாங்க, ஜொகூர் மாதிரி பெரிய முதலீடு வந்தாதான் எழும்பலாம்னு. அவங்க 2014ல இருந்து 11 தடவை தொடர்ந்து லீக் ஜெயிச்சாங்க. அவங்க பலம் வேற, அதை நாம பார்த்து ஏங்கிப் பிரயோஜனம் இல்லை. நெகிரி செம்பிலானைப் பாருங்க. கே. தேவன் பயிற்சியில 2021ல கீழ் லீக்கில் இருந்து மேல வந்து, 2022ல சூப்பர் லீக்குல நாலாவது இடம். அதே 2022ல பெட்டாலிங் ஜெயா சிட்டி, பி. மணியம் பயிற்சியில, வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருத்தர்கூட இல்லாம உள்ளூர்ப் பசங்களை மட்டும் வச்சு ஆடிச்சு. அந்தக் குழு அந்த வருஷத்தோட விலகிடுச்சுங்கிறது வருத்தம்தான். ஆனா உள்ளூர்ப் பசங்களால சூப்பர் லீக்ல நின்னு ஆட முடியும்ங்கிறதை அவங்க காட்டிட்டாங்க.

அதனால பேராக் திரும்பி வரும்போது கீழ் லீக்குல இருந்து வரட்டும். வெட்கம் இல்லை. முதல் ரெண்டு வருஷம் வெளிநாட்டு ஆள் வேணாம். அந்தக் காசை 17, 18 வயசுப் பசங்க மேல போடட்டும்.

அஞ்சாவது, பசங்களை எங்க தேடுறது? இங்கதான் நம்ம கதை வருது. தோட்டத்துல வளர்ந்தவங்களுக்குத் தெரியும். லயம், கோவில், தமிழ்ப்பள்ளி, அதோட ஒரு பந்துத் திடல். சாயங்காலம் பால்மரம் வெட்டிட்டு வந்த அண்ணன்மார்கள் வெறுங்காலோட ஆடுவாங்க. தோட்டத்துக்குத் தோட்டம் போட்டி நடக்கும். கிராணி மகனும் வெட்டுக்காரர் மகனும் ஒரே குழுவுல இருப்பாங்க. தோட்டம் துண்டாடப்பட்டு, செம்பனையாவும் தாமானாவும் மாறினப்ப, கோவிலை எப்படியோ காப்பாத்தி தூக்கிட்டு வந்தோம். பள்ளிக்கூடத்தையும் பல இடத்துல கொண்டுவந்தோம். திடலை யாரும் தூக்கிட்டு வரல. பந்துல நம்ம பசங்க பெயர் குறைஞ்சதுக்கு திறமை குறைஞ்சது காரணம்னு நான் நம்பல. ஆடுற இடம் போச்சு, தேடி வர்ற கண்ணும் போச்சு.

மாநிலச் சங்கத்துக்கு என் வேண்டுகோள் இதுதான். ஈப்போவுல உட்கார்ந்து "தேர்வுக்கு வாங்க"னு அறிவிச்சா, கார் இருக்கிற வீட்டுப் பிள்ளைங்கதான் வரும். கோப்பேங், கம்போங் கெப்பாயாங், பத்து காஜா, புந்தோங், சுங்கை சிப்புட், தாப்பா, இந்த இடங்களுக்கெல்லாம் நீங்க வாங்க. 12 வயசுக்குள்ள, 15 வயசுக்குள்ளனு வட்டார லீக் நடத்துங்க. ஒவ்வொரு வட்டாரத்துலயும் ரெண்டு இளைஞர்களுக்கு டி உரிமப் பயிற்சிக்கு உதவி பண்ணுங்க. பயிற்சியாளர் பக்கத்துல இருந்தாதான் பிள்ளை நிலைக்கும்.

இதை ஏன் கோவில் பக்கத்துல எழுதுறேன்னா, நம்ம கோவில்ல பூப்பல்லக்கு தூக்குற பசங்கள்ல ஒருத்தன் இருக்கான். பெயர் வேணாம். 17 வயசு. மூணு வருஷமா காலையில அஞ்சு மணிக்கு எழுந்து ஓடுறான், சனி ஞாயிறு பஸ் ஏறி பயிற்சிக்குப் போறான். பேராக் இளையோர் குழுவுல சேரணும்னு ஒரே நினைப்பு. செய்தி வந்த வாரம் என்கிட்ட வந்து, "அங்கிள், உங்க ஃபேக்டரியில வேலை இருக்கா?"னு கேட்டான். வேலை இருக்கு. நான் வாங்கிக் கொடுத்துடுவேன், நல்ல பையன், உழைப்பான். ஆனா அந்தப் பையன் 17 வயசுல அதைக் கேட்கணுமா? அவங்க அம்மா சொல்றாங்க, "பந்து சோறு போடாது அண்ணே"னு. அவங்களைக் குறை சொல்ல முடியல. சம்பளம் கொடுக்காத குழுவைப் பார்த்தா எந்தத் தாய்க்கும் அப்படித்தான் தோணும். அதான் முதல் யோசனையா சம்பளத்தை வச்சேன்.

அந்தப் பையன்கிட்ட சொல்லிட்டேன், "எஸ்.பி.எம். எழுது, பயிற்சியை விடாத, வேலை எங்கயும் ஓடிடாது"னு. சொன்ன வார்த்தைக்கு நாமளும் ஏதாவது பண்ணணும் இல்லையா?

கோவில் மண்டபத்துக்குப் பின்னால இருக்கிற காலி இடத்தைப் புல் வெட்டி சமன் பண்ண நிர்வாகம் சம்மதிச்சிருக்கு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் 5 மணியில இருந்து 6.30 வரைக்கும், 7 வயசுல இருந்து 12 வயசு வரைக்கும் உள்ள பிள்ளைங்களுக்குப் பந்துப் பயிற்சி. ஆண் பிள்ளை, பெண் பிள்ளை ரெண்டு பேருக்கும்தான். அக்கம்பக்கத்து மலாய், சீனப் பிள்ளைங்க வந்தாலும் வரவேற்போம். முடிச்சதும் கை கால் கழுவிட்டு, விருப்பம் உள்ளவங்க விளக்கு பூஜையில உட்காரலாம்.

நன்கொடை கேட்கல. நாலு விஷயம் மட்டும் வேணும்:

• புல் வெட்டுற மெஷின் இருக்கிறவர் ஒருத்தர்
• பழைய ஆட்டக்காரங்க ரெண்டு மூணு பேர் (முட்டி வலி பரவாயில்லை, விசில் ஊதினா போதும்)
• முதலுதவி தெரிஞ்ச தாதியர் ஒருத்தர்
• தண்ணி, மைலோ கலக்க அம்மாமார்கள்

வர முடிஞ்சவங்க கீழே பெயரைப் போடுங்க. அடுத்த வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சு பிரசாதம் கொடுக்கிற இடத்துல நான் நிப்பேன், நேர்ல வந்தும் சொல்லலாம். பேராக் மஞ்சள் கறுப்புச் சட்டை யார்கிட்டயாவது பழசா இருந்தா ஞாயித்துக்கிழமைக்குப் போட்டுட்டு வாங்க. பிள்ளைங்க பார்க்கட்டும்.

முருகன் துணை.