புல் மேல் ஓடும் டயர்

மினி டிராக்டர் வாங்கப் போகிறவர்கள் குதிரைத்திறன் கேட்கிறார்கள். மானியம் உண்டா, மைலேஜ் எவ்வளவு, ரோட்டாவேட்டர் இழுக்குமா என்று கேட்கிறார்கள். டயரைப் பற்றி ஒரு கேள்வியும் வருவதில்லை. ஷோரூமில் நிற்கிற வண்டியில் இருப்பதுதான் டயர். அது பெரும்பாலும் உழவு டயராகவே இருக்கும்: சாய்வாக ஏறி இறங்கும் உயரமான பட்டன்கள், நடுவில் ஆழமான பள்ளம். ஆர்-1 வகை. உழுத காட்டில் மண்ணைக் கவ்வி இழுக்க அதற்கு இணை கிடையாது. அதே வண்டியின் பின்னால் புல் வெட்டும் ஸ்லாஷரை மாட்டி, உயிரோடு இருக்கும் புல் மேல் ஓட்டும்போதுதான் அந்தப் பட்டன் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

*

காங்கேயம் பக்கம் வண்டி ஏறி வெட்டும் புல் மூன்று இடங்களில் இருக்கிறது. கல்யாண மண்டபம், கல்லூரி மைதானம் என்று வளர்த்த அருகம்புல் தரை. தென்னந்தோப்பில் வரிசைகளுக்கு நடுவே தானாக முளைத்தது. மூன்றாவது கொறங்காடு. கிளுவை வேலி சுற்றி, உள்ளே வெள்வேல மரம், தரையெல்லாம் கொழுக்கட்டைப் புல் என்று தாராபுரம், வெள்ளக்கோவில், மூலனூர் வரை விரிந்த மேய்ச்சல் நிலம். காங்கேயம் மாட்டை வளர்த்தது இந்தப் புல்தான். என் அக்கறை முழுக்க இந்த மூன்றாவதன் மேல்.

*

அருகம்புல்லும் கொழுக்கட்டைப் புல்லும் டயரை ஒரே மாதிரி தாங்குவதில்லை. அருகு தரையோடு ஓடி, கணுவுக்குக் கணு வேர் விடும். ஓரிடத்தில் பிய்ந்தால் பக்கத்திலிருந்து கொடி வந்து மூடிவிடும். உலகம் முழுக்க விளையாட்டு மைதானங்களில் பெர்முடா என்று போடுவதும் இந்த இனம்தான். கொழுக்கட்டைப் புல் தூர் தூராக நிற்பது. அதன் உயிர் தூரின் அடியில், மண்ணை ஒட்டி இருக்கிறது. திரும்பும் டயரின் பட்டன் அந்தத் தூரைப் பெயர்த்துவிட்டால் பக்கத்துத் தூர் ஓடி வந்து அந்த இடத்தை நிரப்பாது. விதை விழுந்து, மழை பெய்து, புதிதாக முளைத்தால்தான் உண்டு. மழை குறைந்த நம் ஊரில் அதற்கு ஒரு பருவமோ இரண்டு பருவமோ போய்விடும்.

*

கணக்கு. சின்ன மினி டிராக்டர், ஸ்லாஷர், ஓட்டுகிறவர் எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ ஒரு டன். இதில் பெரும்பங்கு பின் டயர்கள் மேல். டயருக்குள் 14 பி.எஸ்.ஐ. காற்று இருந்தால், தரையை அது அழுத்துவதும் ஏறக்குறைய அதே அளவுதான், அதாவது சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ. டயரின் விறைப்புக்காகக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம்.

ஆனால் இந்தக் கணக்கு டயரின் முகம் முழுவதும் தரையில் பதியும் என்று நம்பிப் போடுவது. புழுதியில் பட்டன் புதைவதால் அது சரி. வெயிலில் இறுகிய சரளைத் தரையில் உழவு டயரின் பட்டன் முனைகள் மட்டுமே படுகின்றன. முகத்தில் கால் பங்கோ மூன்றில் ஒரு பங்கோதான் தரையைத் தொடும். அத்தனை பளுவும் அந்தச் சிறு பரப்பில் இறங்கும். புல்தரை டயரில் பட்டன்கள் தட்டையாக, நெருக்கமாக, உயரம் குறைந்து இருப்பது இதற்காகத்தான்.

*

காளையின் குளம்பு எவ்வளவு அழுத்தும் என்றும் போட்டுப் பார்த்தேன். நல்ல காங்கேயம் காளை 500 கிலோவைத் தாண்டும். நான்கு குளம்பும் சேர்ந்து தரையில் படும் பரப்பு சொற்பம். நிற்கும்போதே சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோவுக்கு மேல் வந்துவிடுகிறது. நடக்கும்போது ஒன்றிரண்டு கால் தூக்கியே இருப்பதால் இன்னும் கூடும். அப்படியானால் பட்டன் புதையும் தரையில் டிராக்டர் டயரைவிட மாடுதான் அதிகம் அழுத்துகிறது!

இருந்தும் கொறங்காடு காலங்காலமாக மாட்டைத் தாங்கி வந்திருக்கிறது. மாடு காலை எடுத்து வைக்கிறது. ஒரு குளம்படிக்கும் அடுத்ததற்கும் நடுவில் அமுங்காத மண் இருக்கிறது. காட்டைத் தடுத்து மாற்றி மாற்றி மேய்ப்பதால் மிதிபட்ட இடத்துக்கு ஓய்வும் கிடைக்கிறது. டயர் விடாமல் ஒரு கோட்டை இழுத்துக்கொண்டே போகிறது. திரும்பும் இடத்தில் அரைக்கவும் செய்கிறது. புல்லுக்குக் கேடு செய்வதில் முதல் இடம் இந்த அரைப்புக்கு, அழுத்தத்துக்கு இரண்டாம் இடம்தான் என்று நான் நினைக்கிறேன்.

*

இங்கே பேச வேண்டிய டயர் வகைகள் மூன்று. ஆர்-1 உழவு டயர். ஆர்-3 புல்தரை டயர். ஆர்-4 இரண்டுக்கும் நடுவில், அகலமான தடித்த பட்டன். ஜேசிபியின் பின் சக்கரத்தைப் பார்த்தால் தெரியும். கேலக்ஸி என்ற பெயரில் புல்தரை டயர் விற்கும் நிறுவனத்துக்குத் திருநெல்வேலிப் பக்கம் கங்கைகொண்டானிலேயே ஆலை இருக்கிறது. அலையன்ஸ் என்று தொடங்கியது, 2016-ல் யோகோகாமா வாங்கியது. அந்த வகை டயர் அதிகம் ஓடுவது அமெரிக்க, ஐரோப்பியப் புல்வெளிகளில். இங்கே நம் டயர் கடைகளில் அது அடுக்கி வைத்திருக்கும் சரக்கு அல்ல, சொல்லி வைத்து வாங்க வேண்டும்.

*

சென்னிமலை ரோட்டில் பஞ்சர் கடை வைத்திருப்பவரிடம் புல்தரை டயரின் படத்தைக் காட்டினேன். விரலால் திரையைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"பட்டன் இவ்வளவு சன்னமா இருந்தா வெள்வேல முள்ளு நேரா டியூப்புக்குப் போயிருமுங்ண்ணா. மைதானத்துக்குச் செரி. கொறங்காட்டுக்கு ஆவாதுங்க."

"அப்ப என்னதான் போடறதுங்க?"

"தேஞ்ச டயரு போடுங்க. உழவுக்கு ஆவாதுன்னு கழட்டி மூலையில போடறமே, அதைத்தான் சொல்றனுங்க."

*

அவர் சொன்னது சரி. உழவு டயரின் பட்டன் பாதி தேய்ந்ததும் முனை மழுங்கி அகலமாகிவிடுகிறது. மண்ணைத் தோண்டும் கூர்மை போய்விடுகிறது. அடியில் துணி தெரியாத வரை, சமதரையில் ஸ்லாஷர் இழுக்க அது போதும். ரப்பரின் அடிக்கனமும் சன்ன டயரைவிட அதிகம் என்பதால் முள்ளைக் கொஞ்சம் தாங்கும். பழைய டிஸ்க் ஒரு ஜோடி வாங்கி, தேய்ந்த டயர்களை அதில் ஏற்றி, புல் வெட்டும் நாளுக்கென்று தனியாக வைத்துக்கொள்ளலாம். புது டயரை உழவுக்கு விட்டுவிடலாம்.

மண்டபத்துக்கும் மைதானத்துக்கும் இந்தச் சிக்கனம் வேண்டாம். அங்கே முள் இல்லை, தரை மெத்தென்று இருக்கிறது, பார்க்கிற கண்கள் அதிகம். ஆர்-3 வாங்குவதே முறை.

*

காற்று. டிரெய்லர் மாட்டிச் சாலையில் ஓடிய வண்டி அதே காற்றோடு காட்டுக்குள் வருகிறது. பின் டயருக்கு வயலில் 12 பி.எஸ்.ஐ.யை ஒட்டி இருந்தால் போதும். 20-க்கு மேல் அடித்து வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். புது டயர் வாங்குமுன் செய்ய வேண்டியது இந்தக் காற்றை இறக்குவது, காசும் செலவில்லை. அளவு மீறியும் இறக்கக் கூடாது. டயர் டிஸ்க்கில் வழுக்கி டியூப் வால்வைப் பிய்த்துவிடும். கம்பெனி சொன்ன குறைந்த அளவுக்குக் கீழே போக வேண்டாம்.

உழவுக்கும் சுமைக்கும் என்று பின் டயரில் தண்ணீர் நிரப்பி வைத்திருப்பார்கள். மினி டிராக்டரிலேயே அது ஏறத்தாழ நூறு கிலோ வரும். புல் வெட்ட அந்தப் பளு எதற்கு? இறக்கிவிட வேண்டும். இரும்புப் பளுவையும் கழற்ற வேண்டும்.

*

வாடகைக்கு வரும் 45 குதிரைத்திறன் வண்டி இரண்டு டன்னை ஒட்டி வரும். டயர் அகலம், அதனால் பரவாயில்லை என்பார்கள். மேல்மண் இறுகுவது டயரின் காற்றழுத்தத்தைப் பொறுத்தது, ஆழத்து மண் இறுகுவது அச்சின் மொத்தப் பளுவைப் பொறுத்தது. அகல டயர் முதலாவதைக் குறைக்கும். இரண்டாவதை அவ்வளவாகக் குறைக்காது. புல் வெட்டும் வேலைக்குப் பெரிய வண்டியைக் கூப்பிடாமல் இருப்பதே நல்லது.

*

குறைந்த காற்று புது யோசனை அல்ல. 1932-ல் அமெரிக்காவில் அல்லிஸ்-சால்மர்ஸ் நிறுவனம் டிராக்டருக்குக் காற்றடைத்த டயர் போட்டு விற்கத் தொடங்கியது. அதற்கு முன் இரும்புச் சக்கரம், அதில் இரும்புப் பல். சோதனைக்கு மாட்டிப் பார்த்தது விமான டயர், காற்றும் குறைவாக, 15 பி.எஸ்.ஐ.யை ஒட்டி. குறைந்த காற்றில் தரையோடு பரந்து உட்காருவதுதான் டிராக்டர் டயரின் குணம் என்பது பிறக்கும்போதே தெரிந்த விஷயம்.

*

இனி திருப்பத்தில் வரும் அரைப்பு. நான்கு சக்கர இழுவை வண்டியில் முன் சக்கரம் பின் சக்கரத்தைவிடச் சற்றே முந்திச் சுற்றும்படி கியர் அமைத்திருப்பார்கள். இறுகிய தரையில் அதைப் போட்டபடியே திரும்பினால் முன் டயர் புல்லைச் சுரண்டும். புல் மேல் இரு சக்கர இழுவையே போதும். டிஃபரன்ஷியல் லாக் எடுத்திருக்க வேண்டும். ஒற்றைப் பிரேக்கை மிதித்து நின்ற இடத்தில் வண்டியைச் சுழற்றுவது உழவில் வந்த பழக்கம். இரண்டு பிரேக்கையும் கொக்கியால் இணைத்துவிட்டால் கால் தானாக அடங்கும்.

இன்னொன்று: நான்கு சக்கர இழுவை வண்டியில் பின் டயரை மட்டும் வேறு அளவுக்கு மாற்றினால் முன்பின் விகிதம் கெட்டு, கியர் பெட்டிக்குக் கேடு. மாற்றினால் முன்னும் பின்னும் சேர்த்துத்தான்.

*

தென்னந்தோப்பு. 25 அடி இடைவெளி. மரத்தைச் சுற்றி ஆறு அடி ஆரமுள்ள வட்டப் பாத்தியை விட்டால் நடுவில் 13 அடி. நாலடி ஸ்லாஷர் நான்கு சுற்றில் முடித்துவிடும். ரோட்டாவேட்டர் போட்டு வேரை நறுக்குவதைவிடப் புல்லை வெட்டி அங்கேயே மூடாக்காக விடுவது எவ்வளவோ மேல். வேர் நிறைந்த அந்த ஆறு அடிக்குள் டயரே ஏறக் கூடாது.

இங்கே எப்போதும் ஒரே தடத்தில் ஓட்டலாம். மண்ணை இறுக்குவதில் பெரும்பங்கு முதல் ஓட்டத்திலேயே நடந்துவிடுவதால், இறுகியது இறுகட்டும் என்று ஒரு தடத்தைக் கொடுத்துவிட்டு மற்றதைக் காக்கலாம். மண்டபத்துப் புல்தரையில் நேர்மாறு: தடம் தெரியக் கூடாது, ஒவ்வொரு முறையும் திசை மாற்ற வேண்டும். கொறங்காட்டுக்கு நான் தோப்பு முறையைத்தான் சொல்வேன். படலிலிருந்து ஒரே வழி, திரும்புவதற்கு வேலியோரம் ஒரு துண்டு.

*

ஐப்பசி, கார்த்திகையில் வண்டியை உள்ளே விடாதீர்கள். ஒரு பிடி மண்ணை அள்ளி அமுக்கினால் உருண்டை பிடிக்கிறதா, நாள் தள்ளிப் போடுங்கள். ஈர மண்ணில் ஆர்-3 டயரும் புல்லைக் காப்பாற்றாது.

*

கொறங்காட்டில் ஸ்லாஷர் ஓடுவதே முள் கன்றையும் மாடு தொடாத களையையும் அடக்கத்தான். கத்தி தரையிலிருந்து நாலைந்து அங்குலம் மேலே இருக்கட்டும். கொழுக்கட்டைப் புல்லின் கதிர் காய்ந்து விதை உதிர்ந்த பிறகு, தரை காய்ந்த நாளாகப் பார்த்து வண்டியை இறக்கலாம்.