தள்ளாடினா... நிஜத் தண்ணிதான்!

சிட்னினு சொன்னதும் ஓபரா ஹவுஸ், ஹார்பர் பிரிட்ஜ்னு போட்டோ எடுக்கக் கிளம்பிடாதீங்க பாஸ். ராத்திரி ரயில் ஏறி, கிங்ஸ் கிராஸ் ஸ்டேஷன்ல இறங்குங்க. வெளியே வந்தா டார்லிங்ஹர்ஸ்ட் ரோடு. ஒரு முனையில பிரமாண்டமான கோகோ கோலா போர்டு. இன்னொரு பக்கம், 1961-ல வெச்ச எல் அலமெய்ன் நீரூற்று... காத்துல பறக்கிற பஞ்சு விதை மாதிரி உருண்டையா தண்ணீர் விசிறும். வியட்நாம் போர் சமயத்துல லீவுக்கு வந்த அமெரிக்க சோல்ஜர்கள் கும்மாளம் போட்ட ஏரியா இது!

அப்படியே ஒரு பாருக்குள்ள எட்டிப் பாருங்க. கவுன்டர்ல கிளாஸ் துடைக்கிறவர் நம்ம வயசு ஸ்டூடன்ட்டா இருக்கலாம். படிக்கப் போன நம்மூர்ப் பசங்களும் இந்த பார்ட் டைம் வேலைக்குப் போறாங்க. ஆனா, சும்மா போய் நிக்க முடியாது. பொறுப்போட மது பரிமாறுறது எப்படினு 'ஆர்.எஸ்.ஏ.' கோர்ஸ் முடிச்சு, கார்டு வாங்கணும். அந்தக் கோர்ஸோட சாராம்சம் ஒரே வரி: போதையில இருக்கிறவருக்கு மேல மேல ஊத்தாதே!

மெஷின் இல்லை, கண்ணுதான்!

நமக்குத்தான் இன்ஜினீயரிங் மூளையாச்சே... 'எப்படி அளப்பாங்க, சென்சார் இருக்கா?'னு கேட்போம். வண்டி ஓட்டறவரைத்தான் ஊதச் சொல்வாங்க. பாருக்குள்ள கணக்கே வேற. பேச்சு, பேலன்ஸ், உடம்பு மேல இருக்கிற கன்ட்ரோல், நடத்தை... இதுல ஏதாவது ஒண்ணு பளிச்சுனு தடுமாறணும். அதுக்குக் காரணம் மதுதான்னு நம்ப நியாயம் இருக்கணும். அவ்வளவுதான்! எத்தனை ரவுண்டு போனார்ங்கிறது விஷயமே இல்லை.

போலீஸும், 'லிக்கர் அண்ட் கேமிங்' இன்ஸ்பெக்டர்களும் சில சமயம் மஃப்டியில வந்து, கஸ்டமரோட கஸ்டமரா உட்கார்ந்து கவனிப்பாங்க. நாக்குக் குழறுற ஆளுக்கு இன்னொரு கிளாஸ் போச்சா... போச்சு! நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தோட 2007 மதுச் சட்டப்படி 11,000 டாலர் வரை அபராதம். முதலாளிக்கு மட்டுமில்லை, ஊத்திக் கொடுத்த பையனுக்கும்தான்.

இன்னொரு கிடுக்கிப்பிடியும் உண்டு. போதை ஆசாமி உள்ளே உட்கார்ந்திருந்தாலே, முதலாளி அதை அனுமதிச்சதாத்தான் சட்டம் எடுத்துக்கும். 'ஊத்த மறுத்தோம், வெளியே போகச் சொன்னோம், போலீஸைக் கூப்பிட்டோம்'னு அவர்தான் நிரூபிக்கணும். வெளியே அனுப்பப்பட்டவர் 24 மணி நேரத்துக்கு அந்த பாருக்குள்ள கால் வைக்கக் கூடாது. காரணமில்லாம 50 மீட்டருக்குள்ள சுத்தவும் கூடாது. அடம் பிடிச்சா அவருக்கும் 5,500 டாலர் வரை தீட்டிடுவாங்க. அதே பார்ல குடிதண்ணீர் மட்டும் இலவசமா கிடைக்கணும்னும் விதி இருக்கு!

ஒரே குத்து

ஏன் இவ்வளவு கறார்? பக்கத்துல இருக்கிற விக்டோரியா ஸ்ட்ரீட்டுக்கு வாங்க. 2012 ஜூலையில தாமஸ் கெல்லிங்கிற 18 வயசுப் பையன் இங்கே நடந்து வந்தப்போ, குடிபோதையில இருந்த முன்பின் தெரியாத ஒருத்தன் விட்டது ஒரே குத்து. ரெண்டு நாள்ல உயிர் போயிடுச்சு. 2013 டிசம்பர் 31 ராத்திரி, அதே ஏரியாவுல அதே மாதிரி அடிபட்டு, டேனியல் கிறிஸ்டி. அவருக்கும் 18 வயசு.

நகரமே கொந்தளிச்சது. 2014 பிப்ரவரியில புது ரூல்: ராத்திரி 1.30-க்கு மேல யாரையும் புதுசா உள்ளே விடக் கூடாது. 3 மணிக்கு மேல ஊத்தக் கூடாது. கிங்ஸ் கிராஸ்ல அடிதடி 32 சதவிகிதம் குறைஞ்சதா 2015-ல மாநிலக் குற்றப் புள்ளிவிவரத் துறை சொன்னது. ஆனா, பல கிளப்கள் மூடப்பட்டன. பாட்டுக் கலைஞர்கள் தெருவுல இறங்கிப் போராடினாங்க. 2021 மார்ச்சுல இங்கே அந்த 1.30 மணி நுழைவுத் தடையை எடுத்துட்டாங்க.

கடிகாரம் பார்த்து எல்லாரையும் தடுத்த ரூல் போயிடுச்சு. ஆளைப் பார்த்து ஒருத்தரை மட்டும் தடுக்கிற ரூல் அப்படியே இருக்கு. எல்லா ராத்திரியும் எல்லா பாருக்கும் இன்ஸ்பெக்டர் வர முடியாது மக்களே. தினமும் டூட்டியில இருக்கிற நிஜ ஆபீஸர், கவுன்டர்ல நிக்கிற அந்த ஸ்டூடன்ட்தான். தன்னைவிட ரெண்டு மடங்கு சைஸ்ல இருக்கிற ஆள்கிட்ட, 'சார், இன்னிக்கு இது போதும்'னு சொல்ற தைரியத்தை எந்தக் கார்டும் தராது. 'அவர் சொல்றது கரெக்ட், வாடா போலாம்'னு கூட வந்த ஃப்ரெண்ட் ஒரு வார்த்தை சொன்னா, பாதி சண்டை அங்கேயே முடிஞ்சிடும்.

அந்த ஃப்ரெண்ட் நீங்களா இருந்தா... யார் பக்கம் நிப்பீங்க?