‘அஞ்சாதே’ என்று சொல்வோர்க்கு

திருவண்ணாமலையில் நாய்களைக் காணாமல் ஒரு தெருவைக் கடப்பது அரிது. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையெங்கும் அவை அடியார்களோடு நடக்கின்றன. மர நிழலில் உறங்குகின்றன. ரமணாசிரமத்தில் லட்சுமி என்னும் பசுவைப் போலவே ஜாக்கி என்னும் நாய்க்கும் சமாதி உண்டு. நாயை இவ்வாறு மதித்த ஊரில்தான் நாயைக் கண்டு நடுங்கும் பிள்ளைகளும் வாழ்கிறார்கள். அவர்களைக் குறித்து எண்ணிப் பார்க்க விழைகிறோம்.

மறைக்கல்வி வகுப்புக்கு வரும் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியை நாம் அறிவோம். அவள் வரும் வழியில் ஒரு தேநீர்க் கடை. அதன் வாயிலில் மூன்று நாய்கள். அவற்றுக்கு அஞ்சியே பல வாரங்கள் வராமல் நின்றாள். “சாப்பிடாவிட்டால் நாயிடம் பிடித்துக் கொடுப்பேன்” என்று மிரட்டிய வீட்டாரே, பின்னர் “இதற்குப் போய் அழுவதா?” என்று நகைத்தனர்.

அவளது அச்சம் முற்றிலும் பொய்யன்று. வெறிநாய்க்கடி உயிர் குடிப்பது. 1885 ஜூலை 6 அன்று லூயி பாஸ்டர் தமது தடுப்பு மருந்தால் காக்க முனைந்தது, ஜோசப் மெய்ஸ்டர் என்னும் 9 வயதுச் சிறுவனையே. நம் குன்னூரிலும் 1907 முதல் பாஸ்டர் நிலையம் இயங்கி வருகிறது. கடித்தாலும் பிறாண்டினாலும் காயத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, தாமதமின்றி மருத்துவமனை சென்று ஊசி போட வேண்டும். ஏச்சுக்கு அஞ்சும் பிள்ளையோ கடியை மறைத்துவிடும். நகைப்பும் மிரட்டலும் இழைக்கும் பெருந்தீங்கு இதுவே.

1924-இல் மேரி கவர் ஜோன்ஸ் என்னும் உளவியலார், முயலுக்கு அஞ்சிய பீட்டர் என்னும் குழந்தை விரும்பி உண்ணும் வேளையில், கூண்டு முயலை முதலில் தொலைவில் வைத்து, பின்னர் சிறிது சிறிதாக அருகே கொணர்ந்தார். அச்சம் தணிந்தது. நாமும் அவ்வழியே சென்றோம். ஆரோக்கியநாதர் என நாம் அழைக்கும் புனித ரோக்குக்கு நாய் அப்பம் கொணர்ந்த படத்தைக் காட்டினோம். தோபியாவின் பயணத்தில் உடன் சென்ற நாயின் கதையைச் சொன்னோம். பின்னர் எதிர்த்தெருவில் கைகோத்து நின்று நாய்களைப் பார்த்தோம். எவ்வளவு நெருங்குவது என்பதை அவளே முடிவு செய்தாள். ஓடாதே, கூச்சலிடாதே, கைகளைத் தொங்கவிட்டு மரம்போல் நில், கண்ணை உற்று நோக்காதே என்று கற்பித்தோம். உண்ணும் நாய், உறங்கும் நாய், குட்டியோடு இருக்கும் நாய் ஆகியவற்றின் அருகே செல்லலாகாது என்றும் சொன்னோம்.

மூன்று திங்களில் அவள் வகுப்புக்குத் தவறாது வரலானாள். இன்றும் எந்த நாயையும் அவள் தொடுவதில்லை. தொட வேண்டுமென்று நாமும் வற்புறுத்தவில்லை. வழி நடக்கும் துணிவே போதும்.

திருவிவிலியத்தில் ‘அஞ்சாதே’ என்று சொல்லும் இறைவன், உடனிருப்பதாகவும் வாக்களிக்கிறார். பிள்ளைகளிடம் அச்சொல்லை எளிதாகச் சொல்லிவிடுகிறோம். சொல்லும் நாம், அவர்கள் பற்றிக்கொள்ள ஒரு கையையும் நீட்டுவோமாக.