வலது கன்னத்துக்கு வயசு ஜாஸ்தி!

எங்கள் கருவேப்பிலங்குறிச்சிக்குப் பக்கத்து ஊர் விருத்தாசலம். அங்கே குருநமசிவாயர் ஒரு பாட்டுப் பாட, கிழவியான விருத்தாம்பிகை பாலாம்பிகையாக, சின்னப் பெண்ணாக வந்து சோறு போட்டாளாம். நமக்குப் பாட்டா வரும்? க்ரீம் டப்பாவைத்தான் தேடுகிறோம்.

என் பெரியப்பா ரிடையர்டு லாரி டிரைவர். இடது கன்னத்துக்கு வயசு அறுபது. ஜன்னலோர வலது கன்னத்துக்கு எண்பது! அமெரிக்காவில் டிரைவர் ஸீட் இடது பக்கம். 28 வருஷம் வண்டி ஓட்டிய ஒருவரின் இடது கன்னம் மட்டும் சுருங்கிப்போன போட்டோவை 2012-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' வெளியிட்டது. காரணம், வெயிலில் உள்ள புற ஊதா 'ஏ' கதிர். ஜன்னல் கண்ணாடியையும் தாண்டி வந்து, தோலை விறைப்பாக வைத்திருக்கும் கொலாஜன் நாரைச் சிதைக்கும். சிகரெட்டுக்கும் அதே வேலைதான்.

ஆகவே ஆபீஸ் போகும் தம்பிகளே, பஸ்ஸில் நிழல் பக்கம் இடம் பிடியுங்கள். முழுக்கைச் சட்டை, குடை, 'ஏ' கதிரையும் தடுக்கிற எஸ்.பி.எஃப். 30 சன்ஸ்கிரீன் போதும். வெயிலிலேயே நின்றால் இரண்டு மணிக்கொரு தரம் மறுபடி பூசணும்.

"முகத்துல துண்டைக் கட்டிக்க, நான் என்ன பொம்பளையா?" என்று கேட்டவர்தான் பெரியப்பா. இப்போது ஷேவ் பண்ணும்போது, வலது பக்கம் மட்டும் பிளேடு தடுக்குகிறதாம்.