ஃபார்மேட் அண்ணனின் வாக்குமூலம்

எங்க ஹாஸ்டலில் எனக்கு 'ஃபார்மேட்' என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. யார் லேப்டாப்பில் என்ன கோளாறு என்றாலும் நான் சொல்லும் ஒரே வைத்தியம் அதுதான். போன வருஷம் பக்கத்து ரூம் நண்பனின் லேப்டாப்பை அப்படித்தான் 'சரி' பண்ணிக் கொடுத்தேன். அவன் அக்கா கல்யாண போட்டோ எல்லாம் அதில்தான் இருந்ததாம். அவன் என்னைத் திட்டவே இல்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

இந்த முறை மாட்டியது என் லேப்டாப். அண்ணன் பயன்படுத்திவிட்டுக் கொடுத்த பழைய மெஷின்; பழைய பயாஸ், எம்பிஆர் முறை. விண்டோஸும் உபுண்டுவும் ஒரே டிஸ்கில் குடித்தனம். ப்ராஜெக்ட் ரிவ்யூவுக்கு முந்தின ராத்திரி, விண்டோஸில் இருந்தபடி, சும்மா கிடந்த டி டிரைவை அழித்தேன். ரீஸ்டார்ட் செய்தால் கறுப்புத் திரை. 'நோ சச் பார்ட்டிஷன்' என்று ஒரு வரி. அதற்குக் கீழே 'கிரப் ரெஸ்கியூ'. உபுண்டுவும் வரலை, விண்டோஸும் வரலை. மூணு மாசமா எழுதின கோட் உபுண்டு பக்கம். பென்டிரைவில் இருந்த காப்பி ஒரு மாசம் பழசு.

"மச்சி, பேசாம ஃபார்மேட் பண்ணிடு" என்றார்கள். என் மருந்து எனக்கே!

தண்ணி பிடிக்க வந்த முதல் வருஷத் தம்பி எட்டிப் பார்த்தான். "அண்ணா, பார்ட்டிஷனைக் காணோம்னுதானே சொல்லுது? டேட்டா போச்சுன்னு சொல்லலையே?"

அப்போதுதான் அந்த வரியை ஒழுங்காகப் படித்தேன். எம்பிஆரில் லாஜிக்கல் பார்ட்டிஷன்களுக்கு எண் 5இல் தொடங்கும். டி டிரைவ் 5, உபுண்டு 6. ஐந்தை நான் அழித்ததும் ஆறு ஐந்தாகிவிட்டது. கிரப் பாவம், பழைய வீட்டு நம்பரையே தேடிக்கொண்டிருந்தது.

போனில் தேடினோம். ரெஸ்கியூவில் வேலை செய்வது நாலே கட்டளைகள்: எல்எஸ், செட், அன்செட், இன்ஸ்மாட். எல்எஸ் கொடுத்து ஒவ்வொரு பார்ட்டிஷனாகத் திறந்து பார்த்தோம். விண்டோஸ் பக்கமெல்லாம் 'அன்னோன் ஃபைல்சிஸ்டம்'. ஐந்தில் மட்டும் பூட், ஹோம், இடிசி என்று வரிசையாக வந்தது. மூச்சே அப்போதுதான் வந்தது!

ரூட்டை ஐந்துக்கு மாற்றினோம். ப்ரிஃபிக்ஸை அதே ஐந்தில் உள்ள பூட், கிரப் ஃபோல்டருக்கு மாற்றினோம். 'இன்ஸ்மாட் நார்மல்', பிறகு 'நார்மல்'. பழைய மெனு வந்து நின்றது. உபுண்டுவுக்குள் போனதும் முதலில் கோடை பென்டிரைவில் ஏற்றினேன். அதற்குப் பிறகுதான் கிரப் இன்ஸ்டாலும் அப்டேட் கிரப்பும். அதைச் செய்யாவிட்டால் அடுத்த ரீஸ்டார்ட்டில் மறுபடி ரெஸ்கியூதான்.

ரிவ்யூ முடிந்ததும் பக்கத்து ரூமுக்குப் போய், ஒரு வருஷம் லேட்டாக, ஸாரி கேட்டேன். "இப்பவாச்சும் பேக்கப் எடுத்தியாடா?" என்றான்.

எடுத்துட்டேன். நீங்களும் எடுத்துடுங்க. அப்புறம், எர்ரர் வந்தால் முதலில் அதைப் படிங்க. என்கிட்ட வராதீங்க!