இடது பெட்டியின் ஒயர்

மைசூரில் அசோகா ரோட்டிலிருந்து பிரியும் சந்து ஒன்றில் ஸ்பீக்கருக்குக் கோன் மாற்றித் தருபவர் இருக்கிறார், தமிழ்க்காரர், அவரைப் பார்த்தே ஆகவேண்டும் என்று சரஸ்வதிபுரத்து நண்பர் பல நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஊஃபர் கிழிந்தால் பெட்டியோடு தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கும் காலம் இது. அந்த வேலை இன்னும் நடக்கிற இடம் ஒன்றையாவது பார்த்துவிட வேண்டும் என்றுதான் போனேன்.

ஒரு மேசை போட்டால் நிறைந்துவிடுகிற கடை. காந்தத்தின் இடுக்குக்குள் வாய்ஸ் காயில் எதிலும் உரசாமல் நிற்க வேண்டும். அதற்காகப் பழைய எக்ஸ்ரே ஃபிலிமைக் கீற்றுகளாக வெட்டி உள்ளே சுற்றிச் செருகுகிறார். பசை காய்ந்ததும் ஒவ்வொன்றாக உருவுகிறார். பசை காய்வதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு அவர் கையில் எடுத்த பொருளைப் பற்றித்தான் எழுத வேண்டும்: ஒரு டார்ச் செல். 1.5 வோல்ட். இரு முனையிலும் சிவப்பும் கறுப்புமாக ஒயர் பற்றவைத்திருக்கிறார். ஸ்பீக்கரின் பிளஸ்ஸில் சிவப்பு, மைனஸில் கறுப்பு, ஒரு தொடுதல். கோன் முன்னால் துள்ளினால் இணைப்பு சரி. உள்ளே இழுத்துக்கொண்டால் தலைகீழ்.

தலைகீழாக இருந்தால் என்ன, சத்தம் வரத்தானே செய்யும் என்று கேட்டேன்.

“ஒண்ணு மட்டும் இருந்தா ஒண்ணும் தெரியாது சார். ரெண்டு பெட்டி இருந்து, ஒண்ணு தள்ளுறப்ப இன்னொண்ணு இழுத்துச்சுன்னா பேஸ் காத்துலயே செத்துடும்.”

ஐம்பது வயதிருக்கும். கோலார் தங்கவயலில் பிறந்தவர். அப்பாவுக்குச் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை. மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போன சுரங்கம் அது. “ராத்திரில கீழ பாறை வெடிக்கும். ஏர் பிளாஸ்ட்டுனு சொல்வாங்க. காதுக்கு முந்தி காலுக்குத் தெரிஞ்சிடும். பாத்திரம் ஆடும். அம்மா எழுந்து உக்காந்துக்கும், அப்பா ஷிஃப்ட் முடிஞ்சு வர்ற வரைக்கும்.” 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டது. ஊர்க்காரர்களில் பலர் பெங்களூர் ரயிலில் ஏறி வேலைக்குப் போனார்கள். இவர் மைசூரில் மாமாவின் ரேடியோ கடைக்கு வந்தார். அதலபாதாளத்திலிருந்து வரும் அதிர்வுக்காகக் காத்திருந்த வீட்டில் வளர்ந்த பிள்ளை; அவர் காது அங்கே தேறியது என்றே நான் நம்புகிறேன்.

நண்பரின் பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற கன்னட ஆசிரியர் ஒருவர். புத்தக அலமாரியில் வைக்கிற சிறிய பவர்டு ஸ்பீக்கர் ஜோடி வைத்திருக்கிறார். வலது பெட்டிக்குள்ளேயே ஆம்ப் இருக்கும். இடது பெட்டிக்கு ஒரு ஒயர்தான் போகும். மிருதங்கத்தின் அடித்தொனிப் பக்கமான தொப்பி கேட்கவில்லை என்ற குறையில் பழைய சப்-ஊஃபர் ஒன்றை வாங்கி வந்து, இணைக்க வழி தெரியாமல் மூலையில் வைத்திருந்தார். அதற்காக எங்கள் ஆள் கிளம்பினார், நானும் கூடப் போனேன்.

சப்-ஊஃபரை அவர் தொடவே இல்லை. முதலில் ஒரு கச்சேரியைப் போடச் சொன்னார். மிருதங்கம் நடுவில் நிற்காமல் இரு பக்கமும் சிதறிக்கொண்டிருந்தது. ஆம்பை அணைத்து, இடது ஒயரை வலது பெட்டியிலிருந்து கழற்றி, அந்த முனையில் செல்லை வைத்தார். கோன் உள்ளே போனது. இடது பெட்டியின் பின்பக்கத்திலேயே நேராக வைத்தார். வெளியே வந்தது. பெட்டி சரி, ஒயர்தான் மாற்றிக் கோக்கப்பட்டிருந்தது. ஆசிரியர் வருஷக்கணக்கில் அப்படியே கேட்டிருக்கிறார். மாற்றிப் போட்டதும் அடித்தொனி எழுந்தது. ஆசிரியர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

ஆனாலும் நாலு அங்குல ஊஃபர் ஓர் அளவுக்குக் கீழே இறங்காது. சப்-ஊஃபர் தேவைதான். அந்த ஸ்பீக்கரில் சப்-ஊஃபருக்கென்று தனி அவுட் இல்லை. இருந்திருந்தால் ஒரே கேபிளில் முடிந்திருக்கும். இடது பெட்டிக்குப் போகும் ஒயரிலிருந்தே எடுத்தால் என்ன என்று கேட்டேன். மல்டிமீட்டரின் ஒரு முனையை ஆர்சிஏ சாக்கெட்டின் வெளி வளையத்திலும், மறுமுனையை இடது பெட்டிக்கான அவுட்டின் சிவப்பிலும் கறுப்பிலும் மாறிமாறி வைத்துக் காட்டினார். இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு டிசி. இப்படி இருந்தால் கறுப்பு முனை கிரவுண்ட் இல்லை. அதைச் சப்-ஊஃபரின் கிரவுண்டோடு சேர்த்தால் ஆம்ப் போய்விடும். இதைச் சோதிக்காமல் ஒயரைக் கோத்து எரிந்த போர்டுகள் ஒரு டப்பா நிறையக் கடையில் இருக்கின்றன.

ஆகவே ஒய் கேபிள். போனிலிருந்து பாட்டு வாங்கும் சின்ன ப்ளூடூத் ரிசீவரின் அவுட்டை இரண்டாகப் பிரித்து ஒன்று ஸ்பீக்கருக்கு, ஒன்று சப்-ஊஃபருக்கு. இதில் ஒரு சிக்கல் உண்டு: ஸ்பீக்கரின் வால்யூமைக் குறைத்தால் சப்-ஊஃபர் குறையாது. ஸ்பீக்கர் வால்யூமை ஓரிடத்தில் நிறுத்தி, நெயில் பாலிஷால் புள்ளி வைத்து, இனிமேல் போனில் மட்டும் கூட்டிக் குறையுங்கள் என்றார். ஹம் வந்தது. ஆர்சிஏ கேபிளை உருவியதும் நின்றது. இரண்டு சுவரில் இரண்டு பிளக் இருந்ததுதான் காரணம். ஒரே போர்டில் சொருகியதும் அடங்கியது. சிலர் இதற்கு எர்த் முனையை வெட்டிவிடுவார்களாமே என்றேன். “உசுரு போற வேலை சார் அது” என்றார், குரல் மாறி.

பிறகு காது வேலை. சப்-ஊஃபரை ஆசிரியரின் நாற்காலியில் ஏற்றிவைத்துவிட்டுச் சுவரோரமாகக் குனிந்து நடந்தார். பேஸ் எங்கே தெளிவாகக் கேட்கிறதோ அங்கே இறக்கினார். சப்-ஊஃபர் எந்த அளவுக்குக் கீழே ஒலிக்க வேண்டும் என்று பிரிக்கும் கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் வைத்தார். பாடகரின் குரல் மூலையிலிருந்தும் வருகிறது என்று கொஞ்சம் கீழே திருப்பினார். கடைசியில் ஃபேஸ் சுவிட்ச். 0, 180, மறுபடி 0. எதில் தொப்பி கனமாக இருக்கிறதோ அதுவே சரி. டார்ச் செல்லில் பார்த்த அதே தள்ளலும் இழுப்பும்தான்.

பில்லில் கேபிளின் விலை மட்டும் இருந்தது. “கனெக்‌ஷனுக்கு யாரு சார் காசு குடுப்பா?”

எனக்குக் கோபம் வந்தது, இப்போதும் இருக்கிறது. அட்டைப்பெட்டியின் முன்னால் 5000 வாட் பிஎம்பிஓ என்று அச்சடித்து, பின்னால் மின்செலவு 60 வாட் என்று போடுகிறவனுக்குக் காசு போகிறது. உள்ளே வருவதைவிட வெளியே அதிகமாக வர எந்த ஆம்பாலும் முடியாது. இந்தப் பொய்யைக் கைமாற்றி விற்கும் இடைத்தரகன் ஒவ்வொருவனும் பங்கு எடுக்கிறான். உதிரி போர்டு கேட்டால் கம்பெனி தருவதில்லை. 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஒன்றிய அரசு இணையதளம் திறந்தது. அந்த மேசைக்கு அதனால் ஒரு ஐசிகூட வந்து சேரவில்லை. இதே மைசூரில்தான் 1935இல் மகாராஜா கல்லூரி உளவியல் பேராசிரியர் எம்.வி.கோபாலசாமி தம் வீட்டிலேயே வெறும் 30 வாட் டிரான்ஸ்மிட்டரை வைத்து ஆகாசவாணி என்ற பெயரில் வானொலி நடத்தினார். 30 என்றால் 30. ஒலியை நேர்மையாகத் தொடங்கிய ஊரில், ஒரு பிற்பகல் முழுக்க மண்டியிட்டுக் கேட்டவரின் உழைப்புக்குப் பில்லில் ஒரு வரி கிடையாது.

ஆசிரியர் வற்புறுத்தித் தனியாக முந்நூறு ரூபாய் கொடுத்தார். பின் கூச்சத்தோடு, தம் தம்பியிடமும் இதே மாதிரி ஜோடி இருக்கிறது, அவனும் சப்-ஊஃபர் வாங்கப்போகிறான் என்றார்.

“வாங்க வேணாம்னு சொல்லுங்க சார், மொதல்ல அந்த ஸ்பீக்கரை ஒயரோட கடைக்கு எடுத்துட்டு வரட்டும்.”