பெரியப்பா கொண்டுவந்த கல்

ஜலகண்டாபுரத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில், நூல் கணக்கு நோட்டின் மேல் எப்போதும் ஒரு கல் உட்கார்ந்திருக்கும். காற்றில் தாள் பறக்காமல் இருக்க வைத்தது. உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு. ஆட்டுக்கடாவின் கொம்பு போலச் சுருண்டிருக்கும். மத்தியானம் தறிச்சத்தம் ஓய்ந்ததும் அதை எடுத்து மடியில் வைத்துக்கொள்வேன்.

பெரியப்பா துண்டும் லுங்கியும் மூட்டை கட்டிக்கொண்டு ஆத்தூர் வழியாகப் பெரம்பலூர்ப் பக்கம் விற்கப் போவார். அங்கே காரை என்ற ஊரில், மழை அறுத்த செம்மண் ஓடையில் அது கிடந்ததாம். "நத்தை கல்லாயிருச்சு பாரு கண்ணு" என்று கையில் கொடுத்தார். அப்பத்தா அதைச் சாளக்கிராமம் என்றே நம்பினாள். அவள் சொன்னதில் உண்மையும் இருந்தது. நேபாளத்தின் கண்டகி ஆற்றில் எடுக்கும் சாளக்கிராமங்களும் இதைப் போலவே அம்மோனைட் என்ற பழங்காலக் கடலுயிரின் படிவங்கள்தான்.

சுருளின் மேல்தோல் தேய்ந்த இடத்தில் நெளிநெளியாகக் கோடுகள் ஓடும். முருங்கைக் கொழுந்தை வரைந்து பதித்தது போல இருக்கும். தார் சுற்றிக்கொண்டிருந்த அப்பா ஒருநாள் கல்லை வெயிலில் பிடித்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "இந்தக் கோர்வையை எந்தத் தறியிலும் போட முடியாது" என்றார். கணவாய்க்கு உறவான அந்த உயிர், வளர வளரப் பின்னால் ஒரு சுவர் எழுப்பி அறை அறையாக ஓட்டை நீட்டிக்கொண்டே போகும். அறைகளில் காற்றை நிரப்பி நீரில் மிதக்கும். அந்தச் சுவர்கள் ஓட்டைத் தொடும் விளிம்புதான் நாங்கள் பார்த்த கோடு. இனத்துக்கு இனம் அது மாறும். இதைப் படித்தபோது அப்பா உயிரோடு இல்லை.

அப்படியொரு கல்லைத் தேடி ஏரிக்கரையிலும் கரட்டிலும் எத்தனை விடுமுறை அலைந்தேன்! ஒன்றும் கிடைக்கவில்லை. சேலத்துப் பாறைகள் ஏறக்குறைய 250 கோடி ஆண்டுப் பழசு. ஓடுள்ள உயிர் பிறப்பதற்கு வெகுமுன்பே பூமிக்கடியில் வெந்து இறுகியவை. கிரிடேசியஸ் காலத்தில், 10 கோடி ஆண்டுகளுக்கு முன், பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் கடல் ஏறி நின்றபோதும் எங்கள் ஊர் மேட்டுநிலம்தான். பேரில் ஜலம் உண்டு, கடல் வந்ததில்லை.

அந்தக் கடலின் படிவுகளை 1850களின் கடைசியில் நிலவியலாளர் பிளான்ஃபோர்ட் வரைபடமாக்கினார். அதில் கிடைத்த அம்மோனைட்டுகளை 1860களில் ஸ்டோலிச்கா என்ற தொல்லுயிரியலாளர் ஒவ்வொன்றாகப் படம் போட்டு, பெயரும் கிடைத்த ஊரும் எழுதிவைத்தார். ஒரு பயணத்திலிருந்து காரகோரம் கடந்து திரும்பும் வழியில் 1874இல் இறந்தபோது அவருக்கு 36 வயது. ஊட்டத்தூர், காரை, அரியலூர் என்ற நம் ஊர்ப்பெயர்கள் உலகெங்கும் நிலவியல் படிப்பவர்களுக்குத் தெரியும். 2020இல் குன்னம் பக்கம் ஏரியில் உருண்டைக் கற்கள் கிடைத்து, டைனோசர் முட்டை என்று செய்தி பரவியது. அம்மோனைட் படிவுகள் என்று வல்லுநர்கள் விளக்கியதும் ஆர்வம் அடங்கிவிட்டது. எனக்கு அது வருத்தமாக இருந்தது. டைனோசர் முட்டையைவிட அம்மோனைட் எந்த விதத்தில் குறைந்தது?

பல ஆண்டு கழித்து, கல்லை நிலவியல் படித்த ஒருவரிடம் கொண்டுபோனேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எந்த ஓடை? எந்த அடுக்கு? மேலே என்ன மண், கீழே என்ன மண்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. பெரியப்பா போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகியிருந்தது. "அடுக்கு தெரிந்தால் இதன் வயதைத் துல்லியமாகச் சொல்லலாம். இப்போது இது அழகான கல், அவ்வளவுதான்" என்றார் மெல்ல.

பெரியப்பா மேல் எனக்கு வருத்தம் துளியும் இல்லை. மூட்டைச் சுமையோடு அதையும் சுமந்து வந்தது எனக்காகத்தான். ஆனால் அந்த ஓடையில் ஒரு கல்லின் இடம் காலியாகிவிட்டது, இனி அதை நிரப்ப முடியாது.

காரைக்குப் போகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். கல்லை எடுக்காதீர்கள். கிடந்த இடத்திலேயே படம் எடுங்கள், இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கையில் அள்ளிப் பார்க்கும் ஆசை இருந்தால், அரியலூர் அருகே வாரணவாசி அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் கண்ணால் அள்ளுங்கள்.